எக்ஸ்ரேக்காரர் மகளுக்குக் கற்றுக்கொடுத்த மூச்சு

எக்ஸ்ரேக்காரர் தன் வாழ்நாளில் சொந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னதைவிட ஐந்து வாக்கியங்களைத்தான் அதிகம் சொல்லியிருப்பார். தாடையை இதுமேல வைங்க. தோளை இறக்குங்க. மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க, அசையாதீங்க. விடுங்க. ஒரு நாளைக்கு அறுபது பேர், எழுபது பேர் என்று இருபத்தெட்டு வருடம். மனைவியிடம் சண்டை போடும்போதுகூட அந்த இழுவை குரலில் வந்துவிடும். "ஆஸ்பத்திரிக் குரலையும் செருப்போட சேர்த்து வெளியவே கழட்டி வச்சிட்டு வாங்க" என்பாள் அவள்.

அவருடைய அறை ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தது. ஈயத் தகடு பதித்த கனமான கதவு, அதன் மேலே ஒரு சிவப்பு விளக்கு. எந்தக் கோடையிலும் உள்ளே குளிரும். வருகிறவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சைத் தட்டில் ஒட்டி நிற்பார்கள். அந்தச் சில்லிப்புக்கு எவ்வளவு பெரிய மனிதரும் ஒருமுறை சிலிர்த்துக்கொள்வார். இவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய், அவர்களுடைய முதுகைப் பார்த்தபடி தன் வாக்கியங்களைச் சொல்லுவார். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் பொத்தானை அழுத்துவார். முகங்கள் அவருக்கு நினைவிருப்பதில்லை. மூச்சை முழுதாக இழுத்துப் பிடித்தவர்களின் படத்தில் பத்து விலா எலும்புகளை எண்ணலாம். எட்டுதான் தெரிந்தால் அது அரைகுறை மூச்சு, அரைகுறை வேலை. இவருடைய படங்களில் பத்து இருக்கும். டாக்டர்களே அதைச் சொல்வார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு தப்பு நடந்தது. ஒரு லாரி டிரைவரை நிறுத்தி, "பிடிங்க" என்று சொல்லி, படமும் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து யாரோ கதவைத் தட்ட, என்ன ஏது என்று கேட்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது டிரைவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். காது, கழுத்தெல்லாம் செங்கல் நிறம்.

"தம்பி, இன்னும் பிடிக்கணுமா? என்னால முடிஞ்சவரைக்கும் பிடிச்சிட்டேன்" என்றார், புஸ்ஸென்று மூச்சு வெளியேற.

பக்கத்து அறையில் ஸ்கேன் எடுக்கும் அக்காவுக்கு இது போதாதா. அன்றிலிருந்து அவருக்குப் 'பிடிங்க' என்று பெயர் வைத்துவிட்டாள். "என்ன பிடிங்க, சாப்பிட்டாச்சா?", "பிடிங்க இன்னைக்கு லீவா?" ஆஸ்பத்திரியே ஒரு வருடம் சிரித்தது. அதற்குப் பிறகு அவர் 'விடுங்க' சொல்ல மறந்ததே இல்லை. இல்லை என்றுதான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரே பெண். வீட்டில் அவளுக்கு ரயிலு என்று பெயர். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே ஓடிக்கொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே ஓடுவாள். பள்ளியிலிருந்து வந்தால் புத்தகப்பை இறங்குவதற்குள் நாலு பேரின் வம்பு இறங்கிவிடும். அம்மா தையல் கடையிலிருந்து திரும்பும் நேரத்தில் அப்பாவுக்கு மொத்தச் செய்தியும் சொல்லி முடித்திருப்பாள். அம்மா வந்ததும் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குவாள்.

பதினாறு வயதில் அந்த ரயில் நின்றது. ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதலில் காலையில் வயிற்றுவலி வந்தது. பிறகு தூக்கம் போனது. சோறு ஆறி, தட்டு காய்ந்து கிடக்கும். ஏன் என்று கேட்டால் தெரியலை என்பாள், அது உண்மையும்கூட. அரையாண்டுத் தேர்வு அன்று தேர்வு அறையின் வாசல்வரை போனவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைவிரல்கள் மரத்துப்போய், நெஞ்சு அடித்துக்கொண்டு, மூச்சு கிடைக்கவில்லை என்று அழுதாளாம். பள்ளியிலிருந்து போன் வந்தது.

நெஞ்சு, மூச்சு என்றதும் அவர் வேறெதையும் யோசிக்கவில்லை. நேராகத் தன் அறைக்கே கூட்டி வந்தார். டாக்டர் சீட்டு இல்லாமல் அவர் எடுத்த ஒரே படம் அதுதான். தட்டின் சில்லிப்பில் அவள் சிலிர்க்கக்கூட இல்லை. அவசரத்தில் அவர் சொன்னது மூன்றே வாக்கியங்கள். இழு. பிடி. விடு. ஈரம் காய்ந்ததும் காயாததுமாகப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி விலா எலும்புகளை எண்ணினார். பத்து. நுரையீரல் இரண்டும் கறுப்பாக, சுத்தமாக. இதயம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒண்ணுமில்லைடா. பாரு, படத்துல ஒண்ணுமே இல்லை."

அவள் தன் நெஞ்சுக்கூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப எனக்கு ஒண்ணுமில்லையாப்பா?" என்றாள்.

கேட்ட விதத்தில் நிம்மதி இல்லை. அதை அவர் பிறகுதான் யோசித்தார்.

படத்தைப் பார்த்த டாக்டர் அவளை மாடிக்கு அனுப்பினார். மாடியில் பல் டாக்டருக்கு அடுத்த அறையில் பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகர் இருந்தார். சின்ன உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி, மேசை முழுக்கக் காலி டீக்கோப்பைகள். அவர் எதையும் அவசரப்படுத்தவில்லை. பயமும் சோர்வும் இந்த வயதில் எப்படியெல்லாம் உடம்பில் வந்து உட்காரும் என்று அவளுக்குப் புரியும்படி சொன்னார். பிறகு உடம்பையும் மனசையும் தளர்த்தும் சில வழிகளைச் செய்து காட்டினார். மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது. கால்விரலில் தொடங்கி நெற்றி வரைக்கும் ஒவ்வொரு இடமாக இறுக்கித் தளர்த்துவது. பதற்றம் ஏறும்போது கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருள்களை வாய்விட்டுச் சொல்வது.

"எங்க, இப்ப அஞ்சு பொருள் சொல்லு பார்ப்போம்."

"ஒண்ணு உங்க டீக்கப்பு" என்றாள் ரயிலு. "ரெண்டு, உங்க இன்னொரு டீக்கப்பு. மூணு, அதுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கிற டீக்கப்பு."

ஆலோசகர் சிரித்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எக்ஸ்ரேக்காரரும் சிரித்தார். அவள் செய்த கடைசிக் கிண்டல் அதுதான் என்று அப்போது யார் கண்டார்கள்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஆலோசகர் அவரிடம் தனியாகச் சொன்னார்: "இதெல்லாம் ஒரு கைத்தாங்கல்தாங்க. இதுவே வைத்தியம் ஆகிடாது. வாரா வாரம் கூட்டிட்டு வாங்க, பேசணும். குறையலைன்னா மனநல டாக்டரைப் பார்க்கணும், தள்ளிப்போடக் கூடாது."

மூன்று வாரம் கூட்டிப்போனார். மாடிப்படி ஏறும்போது எதிரே வருகிறவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். வார்டுக்காரர், மருந்துக்கடைக்காரர், துப்புரவு அம்மா. "என்ன, பொண்ணோட மாடிக்கு?" என்பார்கள். "பல்லு" என்பார் இவர். மூன்றாவது வாரம் மருந்துக்கடைக்காரர், "அந்தப் பல்லைப் பிடுங்கியே போட்டிருக்கலாமே" என்றார். அவர் சும்மா கேலியாகத்தான் சொன்னார். இவருக்குத்தான் சுருக்கென்றது. பெண் தலையைக் குனிந்துகொண்டதையும் பார்த்தார்.

நாலாவது வாரம் போகவில்லை. மனைவி கேட்டதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது.

"அங்க என்ன சொல்லித் தர்றாங்க? மூச்சு இழு, மூச்சு விடு. இருபத்தஞ்சு வருஷமா இதைத்தானே நான் பண்றேன்? வீட்டுலயே பார்த்துக்கலாம்."

"நீங்க பண்றது எலும்புக்கு."

"மூச்சு ஒண்ணுதானே."

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னறையில் பாய் விரித்தார். அவள் படுத்துக்கொள்வாள். அவர் சுவரில் சாய்ந்து, கடிகாரம் தெரிகிற மாதிரி உட்காருவார். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதோடு சரி, இரண்டாம் நாளிலிருந்து அதைத் திறக்கவில்லை. இழு. பிடி. அசையாதே. விடு. தாளில் பிடிப்பது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் பிடிக்காத மூச்சு அவருக்கு மூச்சாகவே படவில்லை. இழுத்ததை உடனே விட்டால் படம் எப்படி விழும்? கால்விரலை இறுக்கச் சொன்னார், அதையும் பிடிக்கச் சொன்னார். முட்டி, தொடை, வயிறு, தோள், தாடை என்று எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டு அவள் கிடப்பாள். அவர் நொடிகளை எண்ணுவார். முதல் வாரம் பத்து. பிறகு இருபது. இரண்டாவது மாதம் நாற்பதைத் தொட்டாள்.

அழுகை நின்றது. வயிற்றுவலி என்று சொல்வதும் நின்றது. கூப்பிட்டால் வந்தாள், உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள், பள்ளிக்கும் போய் வந்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஸ்கேன் அக்காவிடம் சொன்னார்:

"நாற்பது செகண்டுக்கா. கண் இமைகூட ஆடலை."

அக்கா சாப்பிடுவதை நிறுத்தினாள். "தூங்குறாளா?"

"படுத்திருக்கா."

"தூங்குறாளான்னு கேட்டேன். பசிக்குதுங்குறாளா? எதுக்காவது சிரிக்கிறாளா? எதிர்த்துப் பேசுறாளா?"

"அமைதியா இருக்காக்கா. முன்ன மாதிரி இல்லை."

"முன்ன மாதிரி இல்லைன்னு அதையா நல்ல சேதியா சொல்ற, தம்பி? என் வீட்டுல ஒண்ணு இருக்கு, அதே வயசு. ஒரு நாள் அது எதிர்த்துப் பேசலைன்னா நான் நெத்தியைத் தொட்டுப் பார்ப்பேன். நீ செகண்டு எண்ணிக்கிட்டு இருக்க. மாடிக்குக் கூட்டிட்டுப் போ."

"பரீட்சை முடியட்டும்" என்றார்.

எல்லாம் அந்த ஆண்டுத் தேர்வில் வந்து நின்றது. அவள் அறைக்குள் போய் எழுதிவிட்டால் போதும், பெண் மீண்டுவிட்டாள் என்று அர்த்தம். போகாவிட்டால் ஒரு வருடம் போகும். அவளோடு படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள், அந்த வெட்கமே அவளை வீட்டுக்குள் பூட்டிவிடும். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். மனைவி மட்டும் ஒருநாள் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "சத்தமே இல்லைங்க. நேத்து கை தவறி அண்டாவையே போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கலை அவ."

"பயம் போயிடுச்சு. அதுக்குத்தானே இவ்வளவும்."

தேர்வு அன்று அவர் லீவு போட்டார். பள்ளி வாசலில் அவள் ஒருமுறை நின்றாள். அவர் அருகில் போய், அறையில் சொல்கிற அதே குரலில், "மூச்சை நல்லா இழு. பிடி" என்றார். அவள் இழுத்தாள். அதற்குள் மணி அடித்தது, பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போனார்கள், அவளும் போனாள். படியில் உட்காரவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவர் எதிர்க்கடை நிழலில் மூன்று மணி நேரம் நின்றார். கால் வலிக்கவே இல்லை.

வெளியே வரும்போது கூடவே தேர்வு அறைக் கண்காணிப்பாளரும் வந்தார். வயதான, சாந்தமான பெண்மணி.

"நீங்கதான் அப்பாவா? நல்ல பொண்ணுங்க. மூணு மணி நேரம், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பலை. ஆடலை, அசையலை." அவர் சற்றுத் தயங்கினார். "எழுதவும் இல்லைங்க. பேரு மட்டும் எழுதியிருக்கா. நான் ரெண்டு தடவை பக்கத்துல போய்க் கேட்டேன். உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன், ஆனா பார்த்தா அமைதியாத்தான் இருந்தா."

வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில், "என்னடா ஆச்சு?" என்றார்.

"பிடிச்சிக்கிட்டே இருந்தேன்பா" என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும்." குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, ஏதோ விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள். "பேனாவை எடுத்தா அசையணுமே. அசைஞ்சா எல்லாம் வெளிய வந்துடும்னு தோணிச்சு. எப்ப விடணும்னு தெரியலைப்பா."

அவருக்கு அந்த லாரி டிரைவரின் கழுத்து நினைவுக்கு வந்தது.

மறுநாளே மாடிக்குப் போனார். யார் எதிரே வந்தாலும் கவலைப்படவில்லை, யாரும் வரவும் இல்லை. ஆலோசகர் ரயிலுவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டு, வீட்டில் என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டார். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிடிக்கிறதுன்னு நான் எங்கயும் எழுதலையே."

"இல்லைங்க."

"விடுறதுக்குத்தான் எல்லாமே. இறுக்குறதுகூட விடுறது எப்படி இருக்கும்னு தெரியறதுக்காகத்தான்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "உங்க மேல தப்புன்னு சொல்ல வரலைங்க. இது நீங்க சொல்லிக்கொடுத்ததால வந்த நோய் இல்லை. ஆனா மூணு மாசம் போயிடுச்சு."

மனநல டாக்டரைப் பார்த்தார்கள். மாத்திரை தொடங்கியது. ஒன்று ஒத்துக்கொள்ளாமல் இன்னொன்றுக்கு மாறினார்கள். கொஞ்சம் தூங்கினாள், கொஞ்சம் சாப்பிட்டாள். ஆலோசகர் பயிற்சிகளை முதலிலிருந்து தொடங்கப் பார்த்தார். அங்கேதான் கதவு அடைத்திருந்தது. 'மூச்சு' என்ற சொல் காதில் விழுந்தாலே ரயிலுவின் தோள் இரண்டும் காதுவரை ஏறி, உடம்பு கட்டையாகிவிடும். மற்ற பிள்ளைகள் ஏறி வர உதவுகிற வழி, இவளுக்கு மட்டும் அப்பாவின் குரலால் பூசி அடைக்கப்பட்டிருந்தது. வேறு வழிகளைப் பார்க்கலாம் என்றார் ஆலோசகர். பார்த்தார்கள். படம் வரைவது, நடப்பது, குளிர்ந்த தண்ணீரில் கையை வைப்பது. சில வாரம் நன்றாகப் போகும், பிறகு திரும்ப அதே இடம். மூன்றாவது வருடம் ஆலோசகர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போனார். அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. பல் டாக்டர் அந்த அறையையும் சேர்த்துக்கொண்டார்.

பள்ளி விட்டுப்போனது. கணக்குப் போட்டது அப்படியே நடந்தது. கூடப் படித்தவர்கள் மேலே போனார்கள், பிறகு வேலைக்குப் போனார்கள். இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. மாத்திரையை அம்மாவே கையில் கொடுக்கிறாள். மாதம் ஒருமுறை டாக்டரிடம் போய் வருகிறார்கள். மற்ற நாளெல்லாம் அவள் வீட்டில் தன் அறையிலேயே இருக்கிறாள். கதவு தாழ் போட்டிருக்காது, சாத்தியிருக்கும்.

எக்ஸ்ரேக்காரரின் வேலையும் கெட்டது. 'பிடிங்க' என்று சொன்னதும் பொத்தானை அழுத்துவதற்குள் அவர் வாய் 'விடுங்க' என்றுவிடும். படங்கள் ஆடின, எட்டு விலா எலும்பு, ஏழு விலா எலும்பு. ஒரே ஆளுக்கு இரண்டு தடவை, மூன்று தடவை எடுக்க வேண்டி வந்தது. டாக்டர்கள் முதலில் ஜாடையாகச் சொன்னார்கள், பிறகு எழுதியே கொடுத்தார்கள். கடைசியில் பழைய படங்கள் அடுக்கியிருக்கும் அறைக்கு அவரை மாற்றினார்கள். "இனிமே உன்னை எப்படிக் கூப்பிடுறது?" என்றாள் ஸ்கேன் அக்கா. கேலிதான், ஆனால் அவள் கண்கள் கலங்கியிருந்தன.

அந்த அறையில், ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, சீட்டு இல்லாத ஓர் உறை கையில் கிடைத்தது. உறையின் மேல் அவர் கையெழுத்திலேயே தேதி. ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பத்து விலா எலும்பு, சுத்தமான நுரையீரல், எல்லாம் அன்று பார்த்தபடியே இருந்தன. அன்று பார்க்காதது மேலே இருந்தது. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள காறை எலும்புகள் இரண்டும் கழுத்தை நெருக்கிக்கொண்டு உயரத்தில் நின்றன. தோள் அந்த அளவு ஏறியிருந்தது. எத்தனையோ லட்சம் பேரிடம் தவறாமல் சொன்ன இரண்டாவது வாக்கியத்தைச் சொந்தப் பெண்ணிடம் அவர் சொல்லவே இல்லை. படத்தில் ஒன்றுமில்லை என்று படத்தை எதிரே வைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார். உறையை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுடைய அறைக்கு வெளியே பாயைப் போட்டு உட்காருவார். எதுவும் சொல்வதில்லை. அந்தத் தாளில் எழுதியிருந்தபடி, மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவார். பிடிப்பதில்லை. மனைவி தையல் கடையிலிருந்து வந்து பார்ப்பாள்.

"அவளுக்குக் கேக்காதுங்க."

"கேக்கணும்னு இல்லை."

"அப்புறம் எதுக்கு?"

அவர் அடுத்த மூச்சை மெதுவாக இழுப்பார். அவள் அவரைத் தாண்டிப் போய் விளக்கைப் போடுவாள்.

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. ரயிலு தண்ணீர் எடுக்க வந்தாள். பாயை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள். சொம்போடு திரும்பி வரும்போது அவருக்குப் பின்னால் நின்றாள். அவர் அசையவில்லை. அவள் தன் முதுகைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து முதுகுகளையே பார்த்தவருக்கு அது தெரியும்.

"தோளை இறக்குங்கப்பா" என்றாள்.

அவர் இறக்கினார். அது அவ்வளவு உயரத்தில் இருந்தது இறக்கிய பிறகுதான் தெரிந்தது. அடுத்தது மூச்சைப் பற்றிய வாக்கியம் என்று அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அதற்காகக் காத்திருந்தார். கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். தோள் தானாகவே ஏறிவிடுகிறது. அவ்வப்போது நினைவு வந்து இறக்கிக்கொள்கிறார். கதவு சாத்தியே இருக்கிறது.